ஆர்மோனியத்துக்கு அளவெடுத்த பேஸ் கிற்றார்

உங்கள் மேசைகளில் இப்போது சுருதி பார்க்கச் சின்னதாக ஒரு கருவி இருக்கிறது. கம்பியைத் தட்டினால் முள் ஆடுகிறது. நடுவில் வந்து நின்றால் பச்சை வெளிச்சம் எரிகிறது. நீங்கள் திருப்தியாக அடுத்த கம்பிக்குப் போகிறீர்கள். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் தலையில் இன்னும் கொஞ்சம் மயிர் மிஞ்சியிருக்கும். ஆனால் போன கிழமை நான் உங்கள் கிற்றார்ப் பட்டறைக்கு வந்து உங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தபோது, ஒருவர் தன் கிற்றாரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏதோ ஒண்டு சரியில்லை, என்னெண்டு சொல்லத் தெரியேல்லை" என்றார். நீங்கள் பச்சை வெளிச்சத்தைக் காட்டி அவரை அனுப்பிவிட்டீர்கள். அவரும் மன்னிப்புக் கேட்காத குறையாகப் போனார்.

நீங்கள் செய்தது பிழை என்று நான் சொல்லவில்லை. சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை. இப்படியான இடத்தில் யாரை நம்புவது என்பது எனக்கு இந்த வயதிலும் குழப்பம்தான். ஆனால் ஒருமுறை அந்தக் குழப்பத்துக்குள் கழுத்தளவு நின்றிருக்கிறேன். அதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

இப்போது வவுனியாவில் என்னைக் கிற்றார் வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள். அந்த நாளில் நான் உருத்திரபுரத்தில் றேடியோ திருத்துகிறவன். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறிய வயல்காரக் குடும்பம். வயலில் நான் உருப்படமாட்டேன் என்று வீட்டில் முடிவு கட்டியபிறகுதான் என் கையில் ஈயம் பற்றவைக்கும் கோல் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரி வருவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட காலம். அதனால் என்னிடம் வேலை நிறைய இருந்தது, சாமான்தான் இல்லை.

ஒரு காலை மரியதாஸ் என்பவர் சைக்கிளில் வந்து இறங்கினார். முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்து ஆள், என்னைவிட இளையவர். கரையைவிட்டு இடம்பெயர்ந்து கண்டாவளைப் பக்கம் கொட்டில் போட்டிருந்தார். கையில் ஒரு பால்மா ரின். மூடியைத் திறந்து என் மேசையில் கவிழ்த்தார். துருப்பிடித்த முறுக்காணிகள் நாலு, ஒரு இரும்புத் தகடு, சுருட்டிக் கட்டிய தடித்த கம்பிகள்.

"இது என்ன தம்பி?"

"பேஸ் கிற்றார் அண்ணை."

"எங்க?"

"உதுதான் மிச்சம்" என்றார்.

நடந்தது இதுதான். கரையில் ஷெல் விழுந்தபோது மரியதாஸ் வீட்டுக்குள் இருந்தார். கூரை இறங்கி, சுவர் சரிந்து, அவரை வெளியே இழுத்தெடுத்தபோது இரண்டு காதிலும் இரத்தம். அந்தக் கிழமையே சனம் எல்லாம் எழும்பி ஓடியது. பிறகு ஒருநாள் அவர் தேடிப் போய்ப் பார்த்தபோது, கிற்றாரின் மரம் முழுவதையும் கறையான் முடித்திருந்தது. அது தின்னமுடியாமல் விட்டுவைத்ததைத்தான் ரின்னில் கொண்டுவந்திருந்தார்.

"இடம்பெயர்ந்த சனம் எல்லாம் சேர்ந்து இந்த வருசம் திருநாள் வைக்கினம். பழைய பாட்டுக்காரர் திரும்பச் சேருறம். எனக்கு ஒண்டு செய்து தருவியளோ?"

"நான் உதைக் கிட்டநிண்டு பாத்ததே இல்லைத் தம்பி."

"நான் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ." அவர் கொஞ்சநேரம் ரின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அண்டையில இருந்து என்ர காது சரியில்லை அண்ணை. கதை கேக்குது. பாட்டுத்தான் பிழையாக் கேக்குது. கோயில்ல பாட்டுத் தொடங்கினா இருக்கேலாமல் எழும்பி வெளியில வந்திடுவன். பேஸ் ஒண்டு கையில இருந்தா, என்ர காது இருக்கோ போட்டுதோ எண்டு எனக்கே தெரிஞ்சுபோகும். போட்டுது எண்டா விட்டிடுறன். இனிப் பாட்டுப் பக்கமே வரமாட்டன்."

அவர் என்னிடம் கேட்பது கிற்றாரா, காதுக்கு வைத்தியச் சான்றிதழா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே ஓம் என்று தலையாட்டினேன். தொழிலில் நான் செய்த பல வேலைகள் அப்படித் தொடங்கியவைதான்.

செய்த முறையை விரிவாகச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். மரியதாஸ் முற்றத்து மணலில் படம் கீறினார். நீளத்துக்குத் தன் கையை நீட்டி, "இஞ்ச இருந்து இஞ்ச மட்டும்" என்றார். உடம்புக்கு வேப்பம் பலகை கிடைத்தது. கழுத்துக்கு நெளியாத, காய்ந்த மரம் வேண்டும். தேடித் திரிந்து கடைசியில் எங்கள் முதிரைக் கட்டிலின் சட்டத்தில் என் கண் விழுந்தது. "கட்டிலைக் கழட்டிக் கிற்றார் செய்யிற மனுசனை நான் இப்பதான் பாக்கிறன்" என்று என் மனைவி குசினிக்குள்ளிருந்து சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் வெகுகாலம் பாயில்தான் படுத்தோம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத்தையும் சுருளையும் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்தும் எரிந்த மோட்டரிலிருந்தும் எடுத்துச் சுற்றிப் பொருத்தினேன். அது என் துறை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

தலைக்கனம் ஃபிரெட்டில் வந்து உடைந்தது. கழுத்தில் குறுக்காகப் பதிக்கிற கம்பிகள் எந்த இடத்தில் வரவேண்டும்? உங்களிடம் அட்டவணை இருக்கிறது. என்னிடம் சைக்கிள் ஸ்போக் கம்பி வெட்டி நிமிர்த்தித் தயாராக இருந்தது, எங்கே வைப்பது என்றுதான் தெரியாது.

"நீ கேட்டுச் சொல்லு, நான் கோடு போடுறன்" என்றேன்.

மரியதாஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஐயோ, என்ர காதை நம்பாதேங்கோ அண்ணை. றோசலினிட்ட ஆர்மோனியம் இருக்கு. அதை நம்புங்கோ."

றோசலின் அவருடைய மனைவி. பாடற்குழுவை நடத்துகிறவர். மறுநாள் ஆர்மோனியத்தைச் சைக்கிள் கரியரில் கட்டி, சேலைத் துண்டால் மூடி, குழந்தையைக் கொண்டுவருவது போல உருட்டிக்கொண்டே வந்தார். "கரைக் கோயில்ல இருந்து எங்களோட வந்தது இது ஒண்டுதான் அண்ணை. களப்புத் தாண்டேக்க வள்ளத்துக்க தண்ணி வந்திட்டுது. பிறகு வெயிலில வைச்சு வடிவாக் காயவைச்சிட்டம்" என்று சொல்லி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் துருத்தியைத் திறந்தார்.

தண்ணீருக்குள் போன றேடியோவை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் என்ன கேட்பேன்? எவ்வளவு நேரம் நனைந்தது, உப்புத் தண்ணீரா என்று கேட்பேன். ஆர்மோனியத்திடம் கேட்கவில்லை. கோயில் சாமான், அதுவும் வேறு சமயத்தாரின் கோயில் சாமான். நான் சைவக்காரன். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுத் திறக்கிற பெட்டிக்குள் கையை விட்டு, ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளைச் சுரண்டிப் பார்க்க எனக்கு எங்கே துணிவு வரும்? மரியாதை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

எனக்குச் சங்கீதக் காது கிடையாது. ஆனால் றேடியோக்காரனுக்கு வேறொரு காது உண்டு. இரண்டு ஒலி கிட்டக் கிட்ட வந்தால் அவற்றுக்கிடையில் ஒரு அலை எழும். இரண்டும் ஒன்றாகும்போது அந்த அலை அடங்கிவிடும். றோசலின் ஒரு கட்டையை அமத்திப் பிடிப்பார். நான் கம்பியின்கீழ் ஒரு இரும்புத் துண்டை நகர்த்தி நகர்த்தி, அலை அடங்கும் இடத்தில் கோடு போடுவேன். பிறகு அடுத்த கட்டை. மரியதாஸ் முருங்கைமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தன் காது இதில் கலந்துவிடக் கூடாது என்று இரண்டு காதிலும் விரலை வைத்திருந்தார்.

கோடுகள் எல்லாம் போட்டு முடித்தபின் பார்த்தால், ஒரு இடைவெளி பெரிதாக இருக்கிறது, அடுத்தது சிறிது, அதற்கடுத்தது திரும்பப் பெரிது. என் மனைவி எட்டிப் பார்த்து, "உதென்ன, பல்லு விழுந்த சீப்பு மாதிரி" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. "இடைவெளி ஒரு மாதிரிக் கிடக்குதே பிள்ளை?" என்று றோசலினைக் கேட்டேன்.

"வெள்ளைக்காரன்ர சாமான் எல்லோ அண்ணை. அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அவர். நானும் ஓமோம் என்றேன். அவருக்குக் கிற்றார் தெரியாது, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். வாளை எடுத்து அறுத்துக் கம்பிகளைப் பதித்தேன்.

வெள்ளோட்டத்துக்குப் பக்கத்து வீட்டு உழவு மெசினின் பற்றரியைக் கேட்டு வாங்கி, நான் பொருத்திவைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் தொடுத்தோம். மரியதாஸ் தடித்த கம்பியைத் தட்டினார். குசினியில் கோப்பைகள் கிலுங்கின. என் மனைவி வெளியே ஓடிவந்தாள். றோசலின் கைதட்டினார். நான் செய்த ஒரு பொருள் அப்படி உறுமும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பிறகு அவர் தனியாக ஒரு பாட்டின் அடியை வாசிக்கத் தொடங்கினார். கொஞ்சத்தில் நின்றார். "இதில கொஞ்சம் ஏறி நிக்குது அண்ணை" என்று ஒரு ஃபிரெட்டைக் காட்டினார். நான் றோசலினை அந்தக் கட்டையை அமத்தச் சொன்னேன். அலை இல்லை. "இல்லைத் தம்பி, சரியா நிக்குது" என்றேன். தலையாட்டினார். திரும்ப வாசித்தார். "இது இறங்குது." ஆர்மோனியத்தில் பார்த்தோம். அலை இல்லை. "சரியாத்தான் இருக்கு." இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் நான் சரி என்று சொல்லச் சொல்ல அந்த மனிதர் சுருங்கிக்கொண்டு போனார். என்னிடம் பச்சை வெளிச்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் கிற்றாரை மடியில் படுக்கவைத்துவிட்டு, "அப்ப காதுதான்" என்றார்.

நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "மரம் புதுசு. இறுகிவந்தாச் சரிவரும்" என்று ஒரு புளுகு விட்டேன். கட்டிலாக அத்தனை வருடம் கிடந்த மரம் இனி எங்கே இறுகுவது? அவருக்கும் அது தெரிந்திருக்கும். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

றோசலின்தான் விடவில்லை. "எல்லாரோடயும் சேந்து அடிச்சாச் சரிவரும், வாங்கோ" என்று பிடிவாதமாக ஒத்திகைக்கு இழுத்துக்கொண்டு போனார். பற்றரிப் பெட்டியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம். கிடுகால் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில்தான் அவர்களுடைய கோயில். ஒருபக்கம் பெண்கள் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருபக்கம் பாட்டுக்காரர். கிற்றார் வாசிக்கும் ஒரு இளைஞன், மேளம் அடிக்கும் ஒருவர், மரியதாஸ். ஆர்மோனியம் துணியால் மூடியபடி மூலையில் இருந்தது. கிற்றார்காரன் அதில் ஒரு கட்டையை மட்டும் தட்டித் தன் கம்பியை அதற்கு முறுக்கிக்கொண்டான். பாட்டுத் தொடங்கியது.

எனக்கே பல் கூசியது. சங்கீதம் தெரியாத எனக்கே கூசியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் இரண்டும் ஒட்டிப்போகும், அடுத்த நொடியில் ஒன்றையொன்று பிராண்டும். பூ கட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிற்றார்காரன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்றான் மெதுவாக. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான். "இந்த முறை நீங்கள் இருந்து கேளுங்கோவன். சுகம் வந்தாப்பிறகு அடிக்கலாம்."

எல்லாருக்கும் அந்தக் காதின் கதை தெரியும். எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். மரியதாஸ் வாரைக் கழற்றிக் கிற்றாரை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய், சைக்கிள்கள் சாத்தியிருந்த இடத்தில் மணலில் குந்தினார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பேஸைத் தூக்கிக்கொண்டு ஆர்மோனியத்தடிக்குப் போனேன். றோசலின் கட்டைகளை அமத்தினார். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அலை இல்லை. அச்சொட்டாகப் பொருந்தியது.

"அப்ப உன்ர கிற்றார்தான் பிழை தம்பி" என்றேன்.

"என்ர கிற்றார் கொம்பனியில செய்தது" என்றான் அவன். என் கட்டில் சட்டத்தை ஒருமுறை பார்த்தான்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்லவந்த இடம். மூன்று சாட்சி. ஆர்மோனியமும் பேஸும் ஒரு பக்கம், கிற்றார் மறுபக்கம். ஆள் எண்ணிப் பார்த்தால் கிற்றார் தோற்கவேண்டும். அந்தப் பையனை ஒதுக்கிவிட்டு ஆர்மோனியத்தோடு பேஸை வாசிக்கவிட்டால் திருநாள் எப்படியோ ஒப்பேறிவிடும். ஆனால் வெள்ளோட்டத்தன்றே மரியதாஸ் பிழை என்றாரே, அது எந்தப் பக்கத்துச் சாட்சி? பழுதான காது என்று நாங்கள் தள்ளிவைத்த சாட்சி அது. எனக்கு வேலை பழக்கியவர் ஒரு பழுதைத் தேடிக் களைத்துப்போனால், றேடியோவை விட்டுவிட்டுத் தான் அளக்கிற மீற்றரையே கழற்றிப் பார்ப்பார். அப்போதுதான் எனக்கு விடிந்தது. பேஸ் தனிச் சாட்சியே அல்ல. ஆர்மோனியம் சொன்னதை நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். அது பின்னே வேறு எப்படிக் கதைக்கும்?

காதே இல்லாத ஒரு சாட்சி வேண்டியிருந்தது. ஏரியல் கட்டுகிறவனுக்கு ஒன்று தெரியும்: நீளம் பாதியானால் அதிர்வு இரண்டு மடங்கு. கம்பிக்கும் அதே கணக்குத்தான். வெறுங்கம்பியின் சுரத்துக்கு மேலே வரும் அதே சுரம் கம்பியின் சரி பாதியில் இருக்கவேண்டும். "ஒரு துண்டு தங்கூசி தாங்கோ" என்றேன். மீன்பிடிகாரர் கூட்டத்தில் தூண்டில் நூலுக்கா பஞ்சம்? கிற்றார்காரனின் கம்பி நீளத்துக்கு அதைப் பிடித்து, இரண்டாக மடித்து வைத்தேன். மடிப்பு அந்த மேல்சுரத்துக்கான அவனுடைய ஃபிரெட்டின் உச்சியில் வந்து இருந்தது. பேஸில் அதேபோல மடித்து வைத்தேன். ஃபிரெட் அரை விரல் தள்ளி நின்றது.

நான் ஆர்மோனியத்தின் மேல்தட்டைத் திறக்கலாமா என்று றோசலினைக் கேட்டேன். அவரே திறந்தார். பித்தளை நாக்குகள் பச்சை பூத்து, சிலவற்றில் உப்புச் செதில் ஒட்டியிருந்தது. நாக்கின் கனம் மாறினால் அதன் சுரமும் மாறிவிடும். றோசலின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

ஷெல் விழுந்ததும் களப்புத் தாண்டியதும் ஒரே கிழமை. காதும் ஆர்மோனியமும் ஒன்றாகத்தான் அடிபட்டன. இரத்தம் வந்தது காதில். அதனால் எல்லாரும் காதைச் சந்தேகப்பட்டார்கள், அந்தக் காதின் சொந்தக்காரர் உட்பட. சனம் அந்த ஆர்மோனியத்தோடு பாடிப் பாடி அதற்குப் பழகிவிட்டது. பழகாமல் எழும்பி வெளியே போனவர் ஒரே ஒருவர்தான்.

நான் வெளியே ஓடி மரியதாசிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்டைக்கு மரம் எண்டியள். இண்டைக்கு ஆர்மோனியம் எண்டுறியள்" என்றார். "எனக்காகப் பாவம் பாத்துக் கதைக்காதேங்கோ அண்ணை."

நான் விட்ட புளுகு எப்படித் திரும்பி வந்து என் வாயை அடைத்தது பாருங்கள். ஆறுதலுக்காக ஒருமுறை பொய் சொன்னால், உண்மை சொல்லவேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளரிடம் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். மரத்தின்மேல் பழிபோடாதீர்கள்.

இனி வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. பேஸை எடுத்துவந்து அவர் முன்னால் மணலில் வைத்தேன். குறட்டால் முதல் ஃபிரெட்டைக் கவ்வி இழுத்தேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமோ?" என்று கிற்றார்காரன் கத்தினான். "நாளைக்குத் திருநாள்!"

அவன் கேட்டது நியாயம். ஃபிரெட் இருந்தால் விரலை வைத்த இடத்தில் ஏதோ ஒரு சுரம் வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்தையும் காதுதான் தேடிப் பிடிக்கவேண்டும். ஆர்மோனியம் பிழை என்பது தெரிந்துவிட்டது. அதனால் காது சரி என்று ஆகிவிடுமா? இரண்டும் பழுதாக இருந்தால்? அப்படியென்றால் ஒரு மனிதரை ஊரே பார்க்க நடுச்சந்தியில் நிறுத்திவிட்டேன் என்றுதான் அர்த்தம். கை இழுத்துக்கொண்டே இருந்தது, நெஞ்சு வேண்டாம் வேண்டாம் என்றது. என் தொழிலில் அவ்வளவு பயந்து நான் ஒரு வேலையும் செய்ததில்லை. ஸ்போக் கம்பிகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. றோசலின் உள்ளே போய்ப் பீடத்திலிருந்து எரிந்து குறைந்த மெழுகுதிரிகளை எடுத்துவந்தார். உருக்கி வெட்டுகளில் ஊற்றி, ஆறியபின் கத்தியால் வழித்துக் கழுத்தை வழுவழுப்பாக்கினேன்.

"ஒண்டும் வாசிக்க வேண்டாம்" என்றேன். "கண்ணை மூடு. கம்பியைத் தட்டு. அதே சுரம் மேல எங்க இருக்கெண்டு விரலால தேடிப் பிடிச்சு நில்லு. அவ்வளவுதான்."

"பிழைச்சால்?"

"பிழைச்சால் பிழைச்சதுதான். நான் பொய் சொல்லமாட்டன்."

பெட்டியை வாசலடிக்கு இழுத்துவைத்தோம். மரியதாஸ் கண்ணை மூடினார். வெறுங்கம்பியைத் தட்டினார். விரல் கழுத்தில் வழுகி ஏறியது. ஒரு இடத்தில் நின்றது. இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. நான் தங்கூசியை மடித்து வைத்தேன். மடிப்பு அவருடைய விரல் நுனியின் நடுவில் வந்து விழுந்தது.

நம்பமுடியாமல் அடுத்த கம்பியில் செய்யச் சொன்னேன். அங்கும் அதே இடம். மற்றக் கம்பிகளிலும் அதே இடம்.

"கண்ணைத் திற தம்பி" என்றேன்.

அவர் நூலைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு றோசலின் பக்கம் திரும்பினார்.

"நீ பாடேக்க எனக்குப் பிழையாக் கேக்கும். என்ர காது எண்டு நினைச்சன். உனக்குச் சொல்ல விருப்பமில்லாமல்தான் எழும்பி எழும்பிப் போறனான்."

"என்னில கோவம் எண்டு நினைச்சன்" என்றார் றோசலின். "நான் பாடத் தொடங்கினாலே எழும்பிப் போறியள். கரையில எல்லாத்தையும் விட்டிட்டு ஆர்மோனியத்தைத் தூக்கினன் எண்டு கோவம் எண்டு நினைச்சன். நான் கேக்கவும் இல்லை."

இரண்டு பேரும் அழுதார்கள். நானும் கிற்றார்காரனும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பற்றரியின் வயரைப் பார்த்தோம்.

மறுநாள் பூசைக்கு நான் பின்வரிசையில் நின்றேன். பாட்டுத் தொடங்கமுன் றோசலின் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கியைப் போட்டார். கிற்றாரோடும் பேஸோடும் பாடினார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. இருக்கவில்லை. சனத்தின் வாய் பழைய ஆர்மோனியத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. ஒரு அடி பேஸோடு நிற்பார்கள், அடுத்த அடி வழுகிவிடுவார்கள். றோசலினே இரண்டு இடத்தில் தடுமாறினார். மரியதாஸ் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை வழுக்கி வழுக்கிச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறையும் எழும்பி வெளியே போகவில்லை.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்றபோது ஒரு வயதானவர் பொல்லை ஊன்றிக்கொண்டு நேரே மரியதாசிடம் வந்தார்.

"இந்த முறை பாட்டெல்லாம் கோணலாப் போச்சுது மோனை" என்றார். ஊருக்கே கேட்கிற குரல். "ஆர்மோனியம் இல்லாமல் என்ன பாட்டு? ஷெல்லடியில உனக்குக் காது பழுதாப் போச்செண்டு கதைச்சவை. உண்மைதான் போல கிடக்கு."

நான் முன்னுக்குப் போய் ஆர்மோனியம், நாக்கு, உப்பு, தங்கூசி என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். மரியதாஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓம் அப்பு, சரியான பழுது" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "வாற திருநாளுக்கும் நான்தான் அடிக்கப்போறன்."